பக்கம் 4187

எங்கள் ஆபீஸில் நடப்பது ஒரே வேலைதான். ஆட்கள் கொண்டுவந்து தரும் ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படமாக்கிக் கொடுப்போம். பிடிஎஃப் கோப்பாக உள்ளே வந்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஜேபெக் படமாக வெளியே போகும். இது ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். என் மாமியாருக்கு இன்றுவரை தோன்றுகிறது. பொத்தானை அமுக்கினால் முடிந்துவிடுமாமே என்று என் காதுபடவே ஒருநாள் சொன்னார். முடிந்துவிடும்தான். பொத்தானை அமுக்கினால் சோறும்தான் வெந்துவிடுகிறது. அதற்காகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றா?

இந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒரே ஆளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவளுக்கு நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் என் பேர் தப்பிக்கும், அவள் கதை பாதியில் நின்றுவிடும்.

சைபர் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம் என் கைக்கு வந்தது. பதினான்கு பக்கம். படமாக்கி 1, 2, 3 என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டேன். நாம் எண்ணுகிற மாதிரி எல்லா மெஷினும் எண்ணாது என்பது எனக்கு அப்போது தெரியாது. பழைய மெஷின்களுக்கு ஒன்றுக்கு அடுத்தது பத்து. பிறகு பதினொன்று, பன்னிரண்டு. பதினான்கு முடிந்த பிறகுதான் இரண்டுக்கு வரும். அந்தக் குடும்பம் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால், முதல் பக்கம் முடிந்ததுமே கையெழுத்துப் பக்கங்கள் நிற்கின்றன. யாருக்கு எந்த அறை, எந்தச் சுவர் என்கிற விவரமெல்லாம் அதற்கு அப்புறம் வருகிறது. படிக்க விடாமலே கையெழுத்து வாங்கிவிட்டான் என்று தம்பிக்காரன் அண்ணன்காரனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அதுவும் எங்கள் ஆபீஸ் மாடிப்படியிலேயே. கீழே டயர் கடையில் இருந்தவர்கள் வந்துதான் பிரித்துவிட்டார்கள்.

பக்கத்து மெஷினில் இருந்த அக்கா அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, எண்ணுக்கு முன்னால் சைபர் போட வேண்டும், 01, 02 என்று வைத்தால்தான் எந்த மெஷினிலும் வரிசையில் நிற்கும் என்றாள். முன்னால் போடும் சைபருக்கு மதிப்பே கிடையாதே என்று நான் வாய்க்கொழுப்பாகக் கேட்டேன். மதிப்பு கிடையாதுதான், அது இல்லாவிட்டால் படியில் சண்டை நடக்கும் என்றாள். அன்றைக்கு வைத்த பெயர் பதினோரு வருஷம் நிலைத்தது. முதலாளியே அப்படித்தான் கூப்பிட்டார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அக்காவின் அப்பா ஓர் அச்சகத்தில் காவல்காரர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏழு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான், அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. இடையில் கல்யாணம் நடந்தது. புருஷன் வேறு ஊரில் வேலை என்று போனவன், அங்கேயே ஒரு குடும்பம் பண்ணிக்கொண்டான். அவனைப் பற்றி யாராவது கேட்டால், ஃபைல் இருக்கு, திறக்கத்தான் மாட்டேங்குது என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியை மறந்துவிடுவார்கள். அதற்காகத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கென்று இருந்தது நாலு வயது இளைய தம்பி மட்டும். ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து இருவரும் இருந்தார்கள். தம்பிக்கு பேட்டரி ஆலையில் வேலை. ஈயத்தை உருக்கித் தகடு வார்க்கும் பிரிவில் பத்தொன்பது வருஷம் இருந்தான். நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோதே அவன் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. டீயைக் கையில் கொடுத்தால் கோப்பை தட்டில் தாளம் போடும். "எனக்கு டீ ஆத்தித் தரவேண்டாம். கை தானா ஆத்திக்கும்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அக்கா சிரிக்க மாட்டாள். எழுந்து போய், பாதி டீயைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பாள்.

ஆபீஸில் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எவ்வளவு பெரிய கட்டாக இருந்தாலும் முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம், பிறகு கை போன இடத்தில் ஒரு பக்கம் என்று திறப்பாள். அதில் இருப்பதிலேயே பொடி எழுத்து எங்கே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். மூன்று, ஆறு, எட்டு. இந்த மூன்று எண்களைத்தான் முதலில் பார்ப்பாள். படத்தின் தரம் குறைந்தால் முதலில் குழம்பிப்போவது அவைதான் என்பாள். வாடிக்கையாளர்கள் நகலின் நகலைக் கொண்டுவந்து பளிச்சென்று வேண்டும் என்று கேட்கும்போது, சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனால் பெரிய வேலை வந்தால் அவளிடம்தான் கொடுப்பார்.

அந்தப் பெரிய வேலையும் அப்படித்தான் அவளிடம் வந்தது.

பேட்டரி ஆலையில் வேலை செய்து உடம்பு கெட்டவர்கள் அறுபத்தொரு பேர் சேர்ந்து புகார் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலையே அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும். முடிவைக் காகிதத்தில் தராது. நார்மல் என்று வாயால் சொல்லி அனுப்பிவிடும். ரத்தத்தில் ஈயத்தின் அளவு ஐம்பதைத் தாண்டினால் ஆளை உடனே அந்தப் பிரிவிலிருந்து மாற்ற வேண்டும், சிகிச்சைச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது ஆலையின் சொந்த விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. யாரையும் மாற்றவில்லை. விசாரணை அதிகாரி ஒருவர், எல்லாப் பரிசோதனைப் பதிவுகளையும் புகார்க்காரர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். முதலில் விசாரிக்க எடுத்துக்கொண்டது அக்காவின் தம்பியுடைய மனுவை. அவன் உடம்பு அவ்வளவு மோசமாகியிருந்தது. ரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்கும் சிகிச்சைக்கு ஆலை பொறுப்பேற்காவிட்டால் அவனுக்கு வேறு வழி கிடையாது. அந்த வருஷமே தொடங்கினால் ஆள் தேறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பதிவுகள் மொத்தம் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரே பிடிஎஃப். அதில் ஒரு பெயரைத் தட்டினால் அந்த ஆளின் பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அப்படியே கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஆலையின் கதை முடிந்தது. அதனால்தான் அது எங்களிடம் வந்தது. கொண்டுவந்தவர் ஆலை வக்கீலின் குமாஸ்தா. மூக்கு நுனியில் கண்ணாடி, பேச்சில் சர்க்கரை. ஒவ்வொரு பக்கமும் தனிப் படமாக வேண்டுமாம். படத்தில் பெயரைத் தேட முடியாதே, அதற்காக. எல்லாம் ஒரே ஃபோல்டரில், பிரிக்காமல் ஒரே கூடைக்குள் கொட்டிய மாதிரிக் கிடக்க வேண்டுமாம். எண்ணுக்கு முன்னால் சைபர் போடக் கூடாதாம். தரத்தை இறக்கச் சொன்னார், இருப்பதிலேயே கீழ்ப்படிக்கு. கேட்டால், கோப்பு கனமாக இருந்தால் அனுப்புவது சிரமம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த ஆள் ஒன்பதாயிரம் பருக்கையை எண்ணி வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இவ்வளவையும் அவர் முதலாளியின் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேதான் சொன்னார். அது சட்டப்படி தப்பும் இல்லை. கேட்டதைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அது எந்த ஆலை என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் அவள் தம்பி அங்கே இருந்தவன் என்று தெரியாது. நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் செய்தாள். 0001-இலிருந்து 9412 வரை சைபர் போட்டு, உயர்ந்த தரத்தில், ஆளுக்கொரு உறையாகப் பிரித்து, யாரும் கேட்காத ஒரு பட்டியலும் எழுதி வைத்திருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். அதைவிடச் சுத்தமான வேலையை நான் அந்த ஆபீஸில் பார்த்ததில்லை.

குமாஸ்தா வாங்கிக்கொண்டு போய், மறுநாளே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி அறையைவிட்டு வெளியே வந்து எல்லார் முன்னாலும் கத்தினார்.

"உன்னை நல்லா செய்யச் சொன்னேனா? சொன்னபடி செய்யச் சொன்னேன்."

வேலை என்னிடம் மாறியது. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், புது வாடகை வீடு, அதோடு மேற்பார்வையாளர் பதவிக்கு என் பெயர் பேச்சில் இருந்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்போது இதையெல்லாம்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அக்கா என்னைத் தன் மெஷினுக்குக் கூப்பிட்டாள். மூலக் கோப்பு இன்னும் அதில் இருந்தது. 4187-ஆம் பக்கத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினாள். தம்பியின் பெயர், பிரிவு, தேதி, கீழே ஒரு கட்டத்தில் எண். 83. மூன்று வருஷத்துக்கு முந்தைய பரிசோதனை. அந்த வாரம்தான் அவனுக்கு நார்மல் என்று சொல்லிக் கைகுலுக்கி அனுப்பியிருக்கிறார்கள். எண் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. எட்டு, அதற்குப் பக்கத்தில் மூன்று. நானும் அவளும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

எங்கள் ஆபீஸில் போனை வாசலில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மெஷின்களில் எதையும் சொருக முடியாது. உள்ளே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அக்கா பதினோரு வருஷத்தில் ஒரு காகிதத்தைக்கூட எடுத்துப் போனதில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை.

"மத்ததெல்லாம் அவங்க சொன்னபடியே பண்ணிக்கோ. இந்த ஒரு பக்கத்தை மட்டும் நல்லா விட்டுடு" என்றாள்.

சரிக்கா என்றேன்.

"நிஜமாவா?"

"விட்டுடறேங்க்கா. நீங்க கவலைப்படாதீங்க."

அவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், ஒரு வாய் சாப்பிட்டாள், மூடிவிட்டாள்.

நான் செய்யத்தான் நினைத்தேன். இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன், என் சத்தியத்துக்கு இப்போது என்ன விலை என்று தெரிந்துகொண்டே. எல்லாப் பக்கத்தையும் கீழ்த்தரத்தில் ஓடவிட்டேன். பிறகு 4187-ஐ மட்டும் தனியாக எடுத்து, உயர்ந்த தரத்தில் படமாக்கி உள்ளே வைத்தேன். சரிபார்க்கப் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அதன் கனம் தெரியும். எல்லாம் நாற்பது கேபி, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. நடுவில் அது மட்டும் தொள்ளாயிரத்து முப்பது. ஒல்லிக்குச்சிகள் நடுவே குண்டாக ஓர் ஆள் நிற்கிற மாதிரி நின்றது. குமாஸ்தா பட்டியலை ஒருமுறை உருட்டினால் போதும், கண்ணில் பட்டுவிடும். யார் செய்தது என்று கேட்பார்கள்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பக்கத்தில்கூட இல்லை. கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் கீழ்த்தரத்தில் ஓடவிட்டேன். பழைய படம் போய்ப் புதுப் படம் உட்கார்ந்தது. கனம் நாற்பது. திறந்து பார்த்தேன். எண் இருந்த இடத்தில் கறுப்பாக இரண்டு புழுக்கள். எட்டு என்றால் எட்டு, மூன்று என்றால் மூன்று. ஒப்பந்தப்படி வேலை முடிந்த ஏழாம் நாள் மூலக் கோப்பையும் அக்கா எடுத்த படங்களையும் அழித்தவனும் நான்தான்.

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்டால் நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். அவள் புத்தி அப்படி.

இரண்டு மாதம் புகார்க்காரர்களின் வக்கீல் அந்தக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு அடுத்து பத்து, பத்துக்கு அடுத்து நூறு, நூறுக்கு அடுத்து ஆயிரம். ஒரு ஆளின் ஆறு பக்கம் ஆறு திசையில் கிடந்தது. கடைசியில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மீறி அக்கா வாயைத் திறந்தாள். நேரே வக்கீலிடம் போய், 4187-ஐத் திறங்க, அது தெளிவா இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதைத் தனியாகத் திறந்து பார்த்துவிட்டு வந்திருக்கலாம். நேரம் இல்லையோ, அவள் சொன்ன உறுதியில் நம்பிக்கையோ தெரியாது, நேராக விசாரணையிலேயே திறக்கச் சொல்லிவிட்டார்.

படங்கள் மூலத்தின்படியே எடுக்கப்பட்டவை என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் எனக்கும் அன்று ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. கூடத்தில் கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அக்காவும் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தைரியத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

திரையில் 4187 வந்தது. பெரிதாக்கச் சொன்னார்கள். பெரிதாக்கினார்கள். இன்னும் என்றார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. புகார்க்காரர்களின் வக்கீல் 83 என்றார். ஆலை வக்கீல் எழுந்து, எங்களுக்கு 33 என்று தெரிகிறது, முப்பத்து மூன்று விதிக்கு உட்பட்டதுதான் என்றார். மூலப்பதிவு எங்கே என்று அதிகாரி கேட்டார். ஆலையில் அந்த மெஷின் பழுதாகிவிட்டதாம், இருப்பது இதுதானாம்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ கணக்கு எங்கே பிசகியது என்று தேடுகிறவள் மாதிரிப் பார்த்தாள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நிதானமான மனிதர். ஆலை வக்கீலின் பக்கம் அவர் சாய்ந்திருந்ததாக நான் சொல்ல மாட்டேன். என் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார் என்று இப்போதும் தோன்றுகிறது.

"மூலத்தை நீங்கதானே கையாண்டீங்க? அதுல என்ன எண் இருந்தது, ஞாபகம் இருக்கா?"

முதலாளி இரண்டாவது வரிசையில் இருந்தார். குமாஸ்தா மூக்கு நுனிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நாங்க பக்கத்தைப் பாக்கிறதில்லைங்க. பொத்தானை அமுக்குவோம், மெஷின் எடுத்துத் தரும். அவ்வளவுதான்."

என் மாமியாரின் வாக்கியம் அது. அத்தனை வருஷம் எரிச்சல்பட்டுவிட்டு, வேண்டிய நேரத்தில் எனக்கு அதுதான் கைகொடுத்தது.

அக்கா எழுந்தாள். நான் பார்த்தேன், எண்பத்து மூன்று என்று சத்தமாகச் சொன்னாள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். மனுதாரருடைய அக்கா என்றாள். அந்த ஆபீஸில் வேலை செய்கிறேன் என்றும் சொன்னாள். ஆலை வக்கீல் உடனே எழுந்து ரகசிய ஒப்பந்தத்தைப் பற்றி ஆரம்பித்தார். அதிகாரி அவள் சொன்னதை எழுதிக்கொண்டார், பக்கத்திலேயே நெருங்கிய உறவு என்றும் எழுதிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து வந்த உத்தரவில், எண்ணை உறுதியாகப் படிக்க இயலவில்லை என்று இருந்தது. மற்ற அறுபது பேருக்கும் அதே வரி.

அக்காவை முதலாளி விசாரணைக்கு மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் பிஸ்கட் டப்பாவிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போகும்போது நான் கழிப்பறையில் இருந்தேன். தாழ் போட்டுக்கொண்டு, அவள் படி இறங்கும் சத்தம் நிற்கும்வரை இருந்தேன். அடுத்த மாதம் எனக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மாமியாருக்குக்கூட.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் நான் அவளைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு, அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போனேன். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அவளே படி ஏறி வந்தாள். இளைத்திருந்தாள், முன்தலை முழுக்க நரைத்திருந்தது. நேராக என் மேஜைக்கு வந்து உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். தம்பியின் இறப்புச் சான்றிதழ்.

எப்பக்கா என்றேன்.

மூணு வாரம் ஆச்சு என்றாள். ஆலை அவன் சம்பளத்தில் பிடித்து வைத்திருந்த சேமநிதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம், படம் ஐம்பது கேபிக்குள் இருந்தால்தான் அந்த இணையதளம் வாங்குமாம். இரண்டு நாளாக முயற்சி பண்ணியும் திருப்பித் திருப்பித் தள்ளுகிறதாம்.

எனக்கு நம்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை அவளுக்கு. உங்களுக்குத் தெரியாததாக்கா என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு மங்கலா எடுக்க வரலைப்பா. நீ நல்லா எடுப்பே."

ஆபீஸில் நாலு பேர் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. நான் காகிதத்தை வாங்கி ஸ்கேனரில் வைத்தேன். தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தொண்ணூறு, எழுபது, அறுபது. ஓரங்களை வெட்டினேன், நிறத்தை எடுத்தேன், பெயரும் எண்ணும் கெடாமல் கனத்தை மட்டும் குறைக்க எனக்குத் தெரிந்த எல்லா வித்தையும் செய்தேன். கடைசியில் நாற்பத்தெட்டில் நின்றது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு அந்த 4187-க்கு இதில் பாதி நேரம் செலவழித்திருந்தால் கனத்தையும் அடக்கியிருக்கலாம், எண்ணும் பிழைத்திருக்கும். அந்த வித்தைகள் எல்லாம் அப்போதும் எனக்குத் தெரியும். அவளிடம் கற்றுக்கொண்டவைதான்.

கோப்புக்கு 0001 என்று பெயர் வைத்தேன். ஒரே பக்கத்துக்கு எதற்குச் சைபர் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பழையபடி, இருப்பதிலேயே பொடி எழுத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். வயது என்ற கட்டம். அதில் விரலை வைத்தாள்.

"இது என்ன எண்?"

"நாப்பத்தெட்டு."

"கடைசி எண் மூணா, எட்டா?"

"எட்டுக்கா."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"அன்னைக்கும் அது எட்டுதான்" என்றாள்.

காகிதத்தை மடங்காமல் உறைக்குள் வைத்தாள். கோப்பை அவள் போனுக்கு அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். வந்துவிட்டதா என்று திறந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு படி இறங்கிப் போனாள். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள எனக்கு நேரம் இல்லை. கடைசிப் படிவரை அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, என் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன்.